நடையா, எடை தூக்கலா, தட்டைக் குறைப்பதா? சர்க்கரை வந்தவர் எதில் தொடங்குவது

திருநெல்வேலி டவுணில் ரத வீதிப் பக்கம் அத்தான் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரம், சணல் உருண்டையிலிருந்து அவர் உயரத்துக்கு ஒரு துண்டு அளந்து வெட்டினேன். உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை. அதை இரண்டாக மடித்துக் கையில் கொடுத்து, "தொப்புளுக்கு நேரா இடுப்பைச் சுத்திப் பிடிங்க அத்தான்" என்றேன். பிடித்தார். முனைகள் சேரவில்லை. நடுவில் ஒரு சாண் இடைவெளி.

"சின்னதா வெட்டிட்டியா மாப்ளே?" என்று கேட்டார்.

கயிறு சரியான அளவுதான். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது எளிமையான கணக்கு. தராசு வேண்டாம், டேப் வேண்டாம். அத்தானுக்கு உயரம் 168 சென்டிமீட்டர், இடுப்பு 104. எடை 82 கிலோ.

அடுத்த வாரம் முக்கூடலுக்குப் போனபோது மதினிக்கும் இதே சோதனையைச் செய்து பார்த்தேன். மதினி ஒல்லி. 152 சென்டிமீட்டர் உயரம், 48 கிலோ. கை கால் எல்லாம் குச்சி குச்சியாக இருக்கும். ஊரில் யாரைக் கேட்டாலும் "அவுகளுக்கு எங்க கொழுப்பு?" என்றுதான் சொல்வார்கள். அவருக்கும் கயிறு சேரவில்லை. மூன்று விரற்கடை குறைந்தது.

இரண்டு பேருக்கும் டைப் 2 சர்க்கரை நோய். இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரியில் கிடைத்த அறிவுரையும் ஒன்றேதான்: நடங்க, இனிப்பைக் குறைங்க. அது தப்பான அறிவுரை இல்லை. ஆனால் 82 கிலோ அத்தானும் 48 கிலோ மதினியும் ஒரே இடத்தில் தொடங்க வேண்டியவர்கள் இல்லை. பாளையங்கோட்டைப் பக்கம் 31 வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் வருகிறவர்கள் கேட்பதெல்லாம் இதுதான்: "சார், நடந்தாப் போதுமா? ஜிம்முக்குப் போகணுமா? இல்ல சோத்தைக் குறைச்சாலே போதுமா?" எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. யாருக்கு எது முதலில் என்று பிரித்துச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கொழுப்பு என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். நம்ம ஊர்க் குளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கால்வாயில் வருகிற தண்ணீரைக் குளம் வாங்கி வைத்துக்கொள்ளும். நிறைந்துவிட்டால் மறுகால் பாயும். மறுகால் போகிற வழியில் வயல் இருந்தால் பயிர் அழுகும். உடம்பில் கொழுப்புக்கென்று இருக்கிற குளம் தோலுக்கு அடியில் இருக்கிறது. தொடை, பிட்டம், கை இப்படி. அங்கே கிடக்கிற கொழுப்பால் சர்க்கரைக்குப் பெரிய தொந்தரவு இல்லை. அந்தக் குளம் நிறைந்த பிறகும் வந்துகொண்டே இருப்பதுதான் வயிற்றுக்குள்ளும், கல்லீரலுக்குள்ளும், கணையத்துக்குள்ளும் பாய்கிறது.

கொழுப்பு ஏறிய கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காது. ராத்திரி நாம் தூங்கும்போது தேவையான அளவுக்கு மட்டும் சர்க்கரையை ரத்தத்தில் விட வேண்டியது அதன் வேலை. அந்தக் கட்டுப்பாடு போய்விடும். ராத்திரி இரண்டு இட்லியோடு படுத்தவருக்கும் காலையில் வெறும் வயிற்றில் 150 காட்டுவது இதனால்தான். கணையத்தில் சேர்கிற கொழுப்பு இன்சுலின் சுரக்கிற செல்களை மந்தமாக்கும். பிரிட்டனில் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லர் 2008-இல் இதை ஒரு கருதுகோளாக முன்வைத்து, பிறகு சோதனைகளில் காட்டினார். ஒவ்வொருவருக்கும் கொழுப்பைத் தாங்குகிற ஓர் எல்லை உண்டு, அது ஆளுக்கு ஆள் மாறும் என்பதும் அவர் சொன்னதுதான். சிலருக்குப் பெரிய குளம். 110 கிலோவிலும் மறுகால் பாயாது. சிலருக்குச் சின்னக் குட்டை. 50 கிலோவிலேயே வழிந்துவிடும்.

நமக்குப் பெரும்பாலும் குட்டைதான். 2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, ஒன்றுதான், 22.3. உடம்பில் இருந்த கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். எடையை வைத்து மட்டும் நம் ஆட்களைக் கணக்கிட முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய படம் வேறு இல்லை. இந்தியர்களுக்கு இடுப்பு அளவில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று தனியாக வரம்பு வைத்திருப்பது இதற்காகத்தான். மதினிக்கு 81.

இனி தசை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை இன்சுலின் கொண்டு போய்ச் சேர்க்கிற பெரிய கிடங்கு தசைதான். அந்தக் கிடங்குக்கு இரண்டு கதவு. ஒன்றை இன்சுலின் திறக்கும். இன்னொன்று, தசை சுருங்கி விரிகிறபோது தானாகத் திறக்கும். அதற்கு இன்சுலின் தேவையில்லை. சர்க்கரை நோயில் பழுதாவது முதல் கதவு. நடப்பதும், படி ஏறுவதும், குத்தவைத்து எழுந்திரிப்பதும் இரண்டாவது கதவைத் திறக்கின்றன. உடற்பயிற்சி முடிந்த பிறகும் 24 முதல் 48 மணி நேரம் வரை முதல் கதவுகூடக் கொஞ்சம் இலகுவாகத் திறக்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாள் சும்மா இருந்துவிடக் கூடாது என்கிறார்கள்.

ஆக, கொழுப்பைக் குறைப்பது மறுகாலை நிறுத்துகிற வேலை, உடற்பயிற்சி கிடங்கைத் திறக்கிற வேலை. ஒன்று இன்னொன்றுக்கு மாற்று இல்லை. ஆனால் நாளில் இருப்பது 24 மணி நேரம், மனசில் இருப்பதும் அளவான உறுதிதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கியவர்கள் மூன்றாவது வாரத்தில் எல்லாவற்றையும் விட்டதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒன்றில் ஊன்றி நின்று, பிறகு அடுத்ததைச் சேர்க்க வேண்டும்.

எல்லாரும் முதலில் எடுப்பது காலை நடைதான். அத்தானும் அதைத்தான் எடுத்தார். விடிகாலை 5.30-க்கு பைக்கில் பாளையங்கோட்டைக்கு வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி 45 நிமிடம். மழை நாள் தவிர ஆறு மாதம் விடாமல் நடந்தார். அந்த மனுஷனின் பிடிவாதத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆறு மாதம் கழித்து எடை 81. எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.1 சதவீதத்திலிருந்து 7.6-க்கு வந்திருந்தது. அவர் முகம் வாடிப்போனது. "இவ்வளவு நடந்தும் ஒரு கிலோதானா?"

கணக்கு இப்படி. அவர் எடையில் ஒரு மணி நேரம் சுமாரான வேகத்தில் நடந்தால் 250 முதல் 300 கலோரி செலவாகும். முக்கால் மணி நேரத்துக்கு 200 சொச்சம். நடை முடிந்து திரும்புகிற வழியில் ஒரு டீ, இரண்டு உளுந்த வடை என்றால் அதிலேயே அந்த 200 திரும்பி வந்துவிடும். மத்தியானம் கூடுதலாக ஒரு கரண்டி சோறு வைத்தாலும் அதே கதைதான். ஒரு மேசைக்கரண்டி நெய்யில் 120 கலோரி இருக்கிறது; நம்ம ஊர் அல்வாவை எடுத்தால் விரலில் எவ்வளவு நெய் வழிகிறது என்று உங்களுக்கே தெரியும். நடையை மட்டும் வைத்து வயிற்றைக் கரைப்பது, ஒரு பக்கம் மடையைத் திறந்துவிட்டு இன்னொரு பக்கம் சொம்பால் இறைப்பது மாதிரி.

அதற்காக நடை வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 8.1 என்பது 7.6 ஆனது சின்ன விஷயம் இல்லை. எடை குறையாவிட்டாலும் நடைக்குப் பலன் உண்டு என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை வரப்போகிற நிலையில் இருந்த 531 பேரை எடுத்துச் செய்த ஆய்வு 2006-இல் வெளியானது. ஒன்றும் செய்யாமல் விட்ட குழுவில் மூன்று வருஷத்தில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. நடையும் சாப்பாட்டு ஒழுங்கும் சொல்லிக்கொடுத்த குழுவில் 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை சொல்லும்படியாகக் குறையவில்லை. அதற்கும் முன்னால் 1986-இல் சீனாவின் தாச்சிங் நகரத்தில் தொடங்கிய ஆய்வு உணவையும் உடற்பயிற்சியையும் தனித்தனியாகவே ஒப்பிட்டது. ஆறு வருஷம் கழித்து, சும்மா விட்டவர்களில் 100-க்கு 68 பேருக்குச் சர்க்கரை. உணவை மட்டும் மாற்றியவர்களில் 44. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களில் 41. இரண்டும் செய்தவர்களில் 46. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கின்றன. சர்க்கரை இன்னும் வராமல் எல்லைக்கோட்டில் இருப்பவர், அதாவது வெறும் வயிற்றில் 100-லிருந்து 125-க்குள் இருப்பவர், தன்னால் விடாமல் செய்யக்கூடியது எதுவோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

சர்க்கரை வந்துவிட்டது, வயிறும் பெரிது என்கிறவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அங்கே தட்டுதான் முன்னால் நிற்கிறது.

ராய் டெய்லர் 2011-இல் வெளியிட்ட சிறு ஆய்வில் 11 பேர்தான். எட்டு வாரம், நாளுக்கு 600 கலோரி, மருத்துவக் கண்காணிப்பில். முதல் ஏழே நாளில் கல்லீரல் கொழுப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 166-லிருந்து 106-க்கு வந்தது. ஏழு நாளில்! அப்புறம் கிளாஸ்கோவின் மைக் லீனுடன் சேர்ந்து அவர் செய்த பெரிய ஆய்வு 2017-இல் வந்தது. சர்க்கரை வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். ஒரு வருஷ முடிவில் எடை குறைப்புக் குழுவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே வந்திருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களைத் தனியாக எடுத்தால் 86 சதவீதம். உடற்பயிற்சியை மட்டும் நம்பி இந்த அளவுக்குப் பலன் கிடைத்ததை நான் எங்கும் படித்ததில்லை.

600 கலோரி, 800 கலோரி எல்லாம் வீட்டில் தானாகச் செய்கிற காரியம் இல்லை. மருந்து அளவு மாற்ற வேண்டும், டாக்டர் கூட இருக்க வேண்டும். அத்தானுக்கு நாங்கள் எடுத்தது மெதுவான வழி. மதியச் சோறு மூன்று அகப்பையிலிருந்து ஒன்றே கால். பாதித் தட்டுக்குக் காய். அவியலில் தேங்காய் பாதி. தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்கிற சொதி வாரம் ஒரு தடவை, அதுவும் முதல் பால் இல்லாமல். இது அக்காவுக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம்தான். திருநெல்வேலி வீட்டில் முதல் பால் ஊற்றாத சொதியைச் சொதி என்று சொல்ல மனசு வராது. ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பாடு. வடையும் காலை டீயில் சர்க்கரையும் கட்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கருப்பட்டி. "சீனிதான் கெடுதல், கருப்பட்டி காபி குடிக்கலாம், அது மருந்து" என்று நம்மூரில் பாதிப் பேர் நம்புகிறார்கள். அத்தான் நாளுக்கு நாலு கருப்பட்டி காபி குடித்துக்கொண்டிருந்தார். கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ், சீனியிலும் அதுதான். கொஞ்சம் தாதுச்சத்து கூட இருக்கலாம், ரத்தத்தில் சர்க்கரை ஏற்றுவதில் அது சீனிக்கு உடன்பிறப்பு. உடன்குடிக் கருப்பட்டியின் மணம் எனக்கும் உயிர்தான். ஆனால் சர்க்கரைக்காரருக்கு அதை மருந்து என்று சொல்லிக் கொடுப்பது அவருக்குச் செய்கிற கெடுதல்.

ஏழு மாதத்தில் அத்தான் ஒன்பது கிலோ இறங்கினார். இடுப்பு 93. சராசரி 6.3, ஒரு மெட்ஃபார்மின் மாத்திரையோடு. நடையை நிறுத்தவே இல்லை. இப்போது அந்த நடைக்கு வேறு வேலை: குறைந்த எடை திரும்ப ஏறாமல் காப்பது. எடை இறக்குவதில் தட்டு பெரியது, இறங்கியதைப் பிடித்து வைப்பதில் நடை பெரியது. என் அனுபவத்திலும் நான் பார்த்த மனிதர்களிடமும் இது மாறவே இல்லை.

இப்போது மதினியிடம் வருகிறேன். எனக்கு மனசு அதிகம் வருந்தியது அவர் விஷயத்தில்தான்.

மதினி பீடி சுற்றுகிறார். மடியில் சுளகு, அதில் நறுக்கிய இலை, தூள், நூல். காலையில் எட்டரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை. நாளுக்கு 800, 900 பீடி. கை விரல் மட்டும் அசையும். இடுப்புக்குக் கீழே உடம்பு இருப்பதே மறந்துபோகும். சர்க்கரை என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னபடி சோற்றை நிறுத்தி, ராத்திரி ஒரு சப்பாத்தி, காலையில் ஒரு டம்ளர் கம்பங்கூழ் என்று இறங்கிவிட்டார். மூன்று மாதத்தில் மூன்று கிலோ போனது. போனது வயிற்றிலிருந்து இல்லை. தொடையும் கையும்தான் இன்னும் மெலிந்தன. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்ற முடியவில்லை. "சர்க்கரை என்னைத் தின்னுட்டு தம்பி" என்றார். தின்றது சர்க்கரை இல்லை, தப்பான வழி.

மெலிந்த உடம்பில் எடை தானாகச் சரசரவென்று இறங்கினால் முதலில் டாக்டரிடம் ஓட வேண்டும். அது டைப் 2 தானா, இன்சுலினே சுரக்காத வகையா, காசநோய் ஏதும் கூடச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மதினிக்கு அதையெல்லாம் பார்த்துத் தெளிந்த பிறகுதான் நான் கை வைத்தேன்.

ஒல்லியான சர்க்கரைக்காரருக்குக் கிடங்கே சின்னது. தசை குறைவு. ஏற்கெனவே சின்னதாக இருக்கிற கிடங்கைப் பட்டினி போட்டு இன்னும் சுருக்கினால் சாப்பிட்ட சர்க்கரை எங்கே போகும்? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சாதாரண எடை உள்ள டைப் 2 சர்க்கரைக்காரர்களை மட்டும் எடுத்து, மூன்று குழுவாகப் பிரித்து ஒன்பது மாதம் பார்த்தது. எடைப் பயிற்சி மட்டும் செய்த குழுவில் மூன்று மாதச் சராசரி 0.44 குறைந்தது. நடை, ஓட்டம் மாதிரிப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 0.24. இரண்டும் கலந்து செய்தவர்களுக்கு 0.35. பருமனானவர்களை வைத்து 2010-இல் வந்த வேறொரு ஆய்வில் முடிவு வேறு மாதிரி: எடைப் பயிற்சி மட்டும், நடை மட்டும் என்பவை தனியாகப் பெரிய மாற்றம் தரவில்லை, இரண்டும் சேர்ந்தபோதுதான் இறங்கியது. யாருக்கு எது என்பது உடம்பைப் பொறுத்தது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

எடைப் பயிற்சி என்றதும் மதினி பயந்தார். முக்கூடலில் ஒரு பெண் ஜிம் தேடி எங்கே போவார்? தேவையும் இல்லை. முதல் மாதம் நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திரிப்பது, 10 தடவை, மூன்று சுற்று. சுவரில் கை வைத்துத் தள்ளுவது 10 தடவை. கடலை எண்ணெய் வந்த காலி ஐந்து லிட்டர் கேனில் பாதி மணல் போட்டு, கையில் தொங்கவிட்டு முழங்கையை மடக்கித் தூக்குவது. வாரம் மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம். மாதம் போகப் போக மணலைக் கூட்டினோம். கடைசி இரண்டு தடவை தூக்குவது கஷ்டமாக இருக்க வேண்டும்; சுலபமாக இருந்தால் எடை போதவில்லை என்று அர்த்தம். தூக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது. கண் விழித்திரையில் ரத்தக்கசிவு இருப்பவர்கள் டாக்டர் சொல்லாமல் எடை பக்கமே போகக் கூடாது.

சாப்பாட்டில் அவருக்குக் குறைக்கச் சொல்லவில்லை, மாற்றச் சொன்னேன். சோறு ஒரு அகப்பை திரும்ப வந்தது. கூட ஒரு முட்டை, வாரம் இரண்டு நாள் மீன், மற்ற நாளில் பயறு, சுண்டல், மோர். தசை கட்டப் புரதம் வேண்டும். சப்பாத்தியும் கூழும் மட்டும் தின்று தசை வராது. உளுந்தஞ்சோறு நம்மூர்ச் சொத்து. உளுந்து கூட்டி, அரிசி குறைத்து, எள்ளுத் துவையலோடு சாப்பிட்டால் அது நல்ல சாப்பாடுதான்.

அப்புறம் பீடி. உட்கார்ந்தே இருப்பதுதான் அங்கே பெரிய எதிரி. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திரிக்கச் சொன்னால் கடிகாரத்தைப் பார்த்து யார் எழுந்திரிப்பார்? கட்டுக்கு 25 பீடி. மதினியின் கைவேகத்துக்கு இரண்டு கட்டு முடிய ஏறக்குறைய அரை மணி ஆகும். "இரண்டாவது கட்டுக்கு நூல் சுத்தினதும் சுளகை இறக்கி வச்சிட்டு எழுந்திரிங்க மதினி" என்றேன். முற்றத்தில் மூன்று நிமிடம் நடை, ஒரு வாய் தண்ணீர், திரும்ப உட்கார வேண்டியது. நாளுக்கு ஐம்பது பீடி குறைந்தது, கூலியும் அந்த அளவுக்குக் குறைந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எட்டு மாதத்தில் சராசரி 7.4-லிருந்து 6.8. எடை ஒன்றரைக் கிலோ கூடியது, இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. எடை கூடியும் சர்க்கரை இறங்கியது எப்படி என்று அண்ணன் கேட்டார். கூடியது தசை.

ஒல்லியாக இருந்தும் தொப்பை மட்டும் தள்ளியிருக்கும் ஆண்கள் நம் பக்கம் நிறைய. கால் குச்சி, வயிறு குடம். அவர்களுக்கு எது? இரண்டும்தான். பி.எம்.ஐ. 27-க்குள் இருந்த 20 சர்க்கரைக்காரர்களை டெய்லர் குழு எடை குறைக்க வைத்து 2023-இல் வெளியிட்டது. 14 பேருக்கு மாத்திரை இல்லாமல் கட்டுக்குள் வந்தது. ஒல்லியானவருக்கும் குட்டை வழிந்திருந்தால் இறைத்தாக வேண்டும். ஆனால் எடைப் பயிற்சியும் புரதமும் சேராமல் இறைத்தால் தசையும் சேர்ந்து போய்விடும். சணல் கயிற்றில் நாலு விரற்கடைக்கு மேல் இடைவெளி இருந்தால் தட்டையும் தொடுங்கள், அதற்குள் என்றால் எடைப் பயிற்சியில் தொடங்குங்கள். இது நான் வைத்திருக்கும் கைக்கணக்கு, மருத்துவ விதி இல்லை.

இதெல்லாம் ஒருபுறம் இருக்க, யாராக இருந்தாலும், எந்த உடம்பாக இருந்தாலும், நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது ஒன்று உண்டு: சாப்பிட்டதும் 10 நிமிடம் நடங்கள். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் 2016-இல் 41 பேரை வைத்துப் பார்த்தது. நாளில் எப்போதாவது ஒரு தடவை 30 நிமிடம் நடப்பதையும், மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு 10 நிமிடம் நடப்பதையும் ஒப்பிட்டது. மொத்த நடை இரண்டிலும் ஒன்றேதான். சாப்பிட்ட பிறகான சர்க்கரை ஏற்றம் இரண்டாவது வகையில் 12 சதவீதம் குறைவு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம் குறைவு. காரணம் புதிது இல்லை. சர்க்கரை ரத்தத்தில் ஏறுகிற அந்த நேரத்திலேயே கிடங்கின் இரண்டாவது கதவு திறந்திருக்கிறது.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு அத்தானும் அக்காவும் தேர் நிலையத்தைச் சுற்றி ஒரு நடை போகிறார்கள். காலையில் மைதானத்துக்கு வர முடியாத நாளிலும் இது தவறுவதில்லை. காலை 45 நிமிட நடையா, மூன்று வேளை 10 நிமிடமா, ஒன்றுதான் முடியும் என்று யாராவது கேட்டால், சர்க்கரையை மட்டும் மனதில் வைத்து நான் மூன்று வேளை 10 நிமிடத்தைத்தான் கை காட்டுவேன். இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் காலை நடை நல்லது, அதையும் வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைக்கிற ஊசி பற்றியும் இப்போது கேட்கிறார்கள். மௌஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. பசியை அடக்கும், எடை நன்றாக இறங்கும், சர்க்கரையும் இறங்கும். வயிறு மிகப் பெரிதாக இருந்து தட்டால் முடியாதவர்களுக்கு அது உண்மையான வழி. வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இறங்குகிற எடையில் தசையும் உண்டு, நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பும். மதினி மாதிரி உடம்புக்கு அது வேலையே இல்லை.

தொடங்குவதற்கு முன்னால் உங்கள் மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருகிற வாய்ப்பு மிகக் குறைவு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ, சோற்றைக் குறைத்து நடையைக் கூட்டினால் சர்க்கரை திடீரென்று 70-க்குக் கீழே போகலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. சட்டைப் பையில் நாலு குளுக்கோஸ் மாத்திரையோ, கொஞ்சம் சீனியோ இருக்கட்டும். என்ன மாற்றம் செய்யப் போகிறீர்கள் என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொன்னால் அவர் அளவைக் குறைத்துத் தருவார். பாதத்தில் உணர்ச்சி மரத்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே வேண்டாம். கோயில் பிரகாரம் என்றால் மதிய வெயிலில் கல் சூடு தெரியாமல் கொப்புளம் போட்டுவிடும். காலையிலோ அந்தி சாய்ந்த பிறகோ போங்கள், வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்.

போன வாரம் அத்தான் கேட்டார்: "6.3 வந்துட்டே மாப்ளே, மாத்திரையை நிறுத்திரலாமா?" நானாக நிறுத்தச் சொல்ல மாட்டேன் என்றேன். மாத்திரை இல்லாமல் குறைந்தது மூன்று மாதம் 6.5-க்குக் கீழே நின்றால்தான் நோய் அடங்கியிருக்கிறது என்று கணக்கு. அடங்கின பிறகும் வருஷா வருஷம் ரத்தம் பார்க்க வேண்டும், எடை ஏறினால் அதுவும் திரும்ப வரும். புதன்கிழமை டாக்டரிடம் போகிறோம். சீட்டும், ஏழு மாத எடைக் குறிப்பும் எடுத்து வைத்திருக்கிறார். கூட அந்தச் சணல் கயிறையும் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். முனைகள் சேர இன்னும் ஒன்பது சென்டிமீட்டர் பாக்கி இருக்கிறது.